ஒரு தலைப்பு, பன்னிரண்டு பக்கம்: தலைப்பு வாரியாக வேதம் படிக்கக் குறிப்பெடுக்கும் முறை

தமிழ்நாடு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது பாயில் இரண்டு வேதம் கிடப்பது புதிதல்ல. பாட்டி கையில் தமிழ், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பேரன் கையில் மலையாள வேதமான சத்தியவேதபுஸ்தகம். தலைப்பு வாரியாகப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. காரணத்தைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

ஒரு புத்தகத்தை முதல் அதிகாரம் தொடங்கிக் கடைசி வரை வாசிப்பது ஒரு முறை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி வேதம் எங்கெங்கே பேசுகிறது என்று தேடிச் சேர்த்து வாசிப்பது இன்னொரு முறை. இரண்டாவதற்கு நோட்டு கட்டாயம், ஏனென்றால் வசனங்கள் 66 புத்தகங்களில் சிதறிக் கிடக்கின்றன, கத்தோலிக்கருக்கு 73. புதிதாகத் தொடங்குகிறவர் செல்போனில் ஒரு சொல்லைத் தட்டுவார், வருகிற வசனத்தையெல்லாம் வரிசையாக எழுதி வைப்பார். நாலு பக்கம் நிறையும்போது கை வலிக்கும், மனதில் ஒன்றும் தங்கியிருக்காது. அத்தோடு நோட்டு அலமாரிக்குப் போய்விடும். சொல்லும் பொருளும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்காததால் வரும் வினை இது. நோட்டை அமைக்கும் விதத்திலேயே இதைச் சரிசெய்துவிடலாம். கீழே எல்லாவற்றுக்கும் 'பொறுமை' என்ற ஒரே தலைப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

வாங்க வேண்டியவை

கோடு போட்ட 200 பக்க நீள நோட்டு ஒன்று, நீலமும் சிவப்புமாக இரண்டு பால்பாயிண்ட் பேனா, பென்சில், அடிக்கோல். ஜெல் பேனா வேண்டாம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பை நனைந்தால் எழுத்து கரைந்து ஓடிவிடும். வேதத்தின் தாளோ மெல்லிசு, மை மறுபக்கத்துக்கு ஊறிவிடும். வேதத்துக்குள் எதைக் குறித்தாலும் பென்சிலால் மட்டும் குறியுங்கள். எந்தச் சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் செல்போன் செயலி போதும்.

நோட்டுக்கு முதல் வேலையாகப் பக்க எண் போடுங்கள். முதல் நான்கு பக்கத்தை அட்டவணைக்கு விட்டுவிடுங்கள். ஒரு தலைப்புக்குப் பன்னிரண்டு பக்கம் என்று ஒதுக்கினால் ஒரு நோட்டில் பதினாறு தலைப்பு பிடிக்கும். இடம் விடாமல் தலைப்புகளை அடுத்தடுத்து எழுதினால், மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் நல்ல வசனத்தைச் செருக இடமிருக்காது.

தலைப்பின் அளவு

'விசுவாசம்', 'அன்பு', 'பாவம்' எதிலும் கை வைக்காதீர்கள், இப்போதைக்கு. அவை கடல். ஒத்துவாக்கிய அகராதியில் ஒரு சொல்லுக்கு நாற்பது வசனத்துக்கு மேல் வந்தால் தலைப்பை நறுக்குங்கள்: 'யாக்கோபு நிருபத்தில் விசுவாசம்', 'நீதிமொழிகளில் நாவு' என்று. பொறுமை, கடன், நன்றி, கோபம் போன்றவை முதல் முயற்சிக்குத் தோதானவை.

கால அளவு நான்கு வாரம். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். முதல் வாரம் தேடிச் சேர்க்க. இரண்டாவதும் மூன்றாவதும் சுற்றுப்பகுதியோடு வாசிக்க, நாளுக்கு மூன்று வசனம் வீதம். நான்காவது தொகுக்க. கணக்குப் போட்டால் 24 வசனம்தான் தாங்கும். ஆகவே பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அதை 24-க்குக் குறைத்துக்கொள்வதும் முதல் வார வேலைதான்.

முதல் வாரம்: சொல்லின் சொந்தக்காரர்கள்

செயலியில் 'பொறுமை' என்று முழுசாகத் தட்டி நிறுத்திவிட்டால் சில வசனங்கள் நழுவும். 'பொறு' வரை மட்டும் தட்டுங்கள். பொறுமையாய், பொறுமையோடே, பொறுத்து எல்லாம் வந்து விழும். 'நீடியபொறுமை' என்று சேர்த்தும் 'நீடிய பொறுமை' என்று பிரித்தும் அச்சாகியிருக்கும், இரண்டையும் தேட வேண்டும். கையால் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அவசரத்தில் சுழித்த 'பொறுமை' ஒரு மாதம் கழித்துப் 'பொறாமை' போலத் தெரியும்.

இனி முக்கியமான வேலை. பொறுமை என்ற சொல்லே இல்லாமல் பொறுமையைப் பேசும் இடங்கள் உண்டு. யாத்திராகமம் 34:6-ல் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது 'நீடிய சாந்தம்' என்று வருகிறது. நீதிமொழிகள் 14:29, 16:32 இரண்டிலும் 'நீடிய சாந்தமுள்ளவன்'. சங்கீதங்களில் 'காத்திருக்கிறேன்', 'காத்திரு'. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் தலைப்பை எழுதி, அதன் கீழே சொந்தக்காரச் சொற்களை எழுதுங்கள்: பொறுமை, நீடிய பொறுமை, நீடிய சாந்தம், காத்திருத்தல், சகித்தல். எதிர்ச்சொற்களையும் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முற்கோபம், பதறுதல், முறுமுறுப்பு. இந்தச் சிறு பட்டியலுக்கு ஒரு முழு நாள் செலவழித்தாலும் நஷ்டமில்லை.

யாத்திராகமம் 34:6-ஐச் சிவப்பில் வட்டமிடுங்கள். எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 86:15, 103:8, 145:8, யோவேல் 2:13, யோனா 4:2 என்று அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி மற்றவை திரும்பிப் பார்க்கும் வசனமே தலைப்புக்குத் தாய் வசனம். அதை மட்டும் முழுசாக எழுதுங்கள், மற்றவற்றுக்கு ஒரு வரி போதும்.

பக்கத்தை எப்படிப் பிரிப்பது

நோட்டைத் திறந்தால் இடப்பக்கம், வலப்பக்கம். இடப்பக்கம் வேதம் சொல்வதற்கு, வலப்பக்கம் உங்களுக்கு.

இடப்பக்கத்தில் அடிக்கோல் வைத்து நான்கு கட்டம்: வசன எண், யார் யாருக்குச் சொன்னது, எந்தச் சொல் வருகிறது, ஒரு வரிச் சாரம். இரண்டாவது கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். நிரப்பிய வரி ஒன்று இப்படி இருக்கும்: 'யாக். 5:7 | யாக்கோபு, சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரத்தாருக்கு (1:1) | நீடிய பொறுமை | பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான்.' ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இரண்டு கோடு காலியாக விடுங்கள்.

இடப்பக்கம் முழுக்க நீலம். உங்கள் எண்ணம், சந்தேகம், போதகர் பிரசங்கத்தில் சொன்னது எல்லாம் வலப்பக்கத்தில் சிவப்பு. ஒரே மையில் எழுதினால் ஒரு வருடம் கழித்து எது வசனம், எது உங்கள் ஊகம் என்று உங்களுக்கே தெரியாது. ஊகத்தை வசனம் என்று வேதபாட வகுப்பில் சொல்லிவிட்டுத் திண்டாடுவது இப்படித்தான் நேர்கிறது.

புத்தகப் பெயரைச் சுருக்கும்போது 'யோ.' என்று எழுதவே கூடாது. யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான், ஐந்தும் 'யோ'தான். யோசு., யோபு, யோவே., யோனா, யோவா. என்று ஒரு தடவை முடிவுசெய்து அட்டவணைப் பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள். 'எ'வில் தொடங்குபவையும் கூட்டம்தான்: எண்ணாகமம், எஸ்றா, எஸ்தர், எரேமியா, எசேக்கியேல், எபேசியர், எபிரெயர். யோவான் 1:9 வேறு, 1 யோவான் 1:9 வேறு. முன்னால் வரும் எண்ணுக்கு வட்டம் போட்டால் குழப்பம் தீரும்.

வீட்டில் மலையாள வேதமும் புழங்கினால், அட்டவணையை அடுத்து அரைப்பக்கம் பெயர்களுக்கு வேண்டும். ஆதியாகமம் அங்கே உல்பத்தி, யாத்திராகமம் புறப்பாடு, உபாகமம் ஆவர்த்தனம், சங்கீதம் சங்கீர்த்தனங்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரின் திருவிவிலியத்திலோ தொடக்க நூல், விடுதலைப் பயணம், இணைச்சட்டம், திருப்பாடல்கள். சாரத்தை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதட்டும். வசன எண்ணை மட்டும் வீட்டில் எல்லாரும் ஒரே சுருக்கத்தில் எழுத வேண்டும்.

இரண்டாம் வாரம்: முன்னும் பின்னும்

ஒவ்வொரு வசனத்துக்கும் குறைந்தது முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து வசனம் வாசியுங்கள். நிருபங்களில் பத்தி முழுக்க, சரித்திரத்தில் சம்பவம் முழுக்க. 'யார் சொன்னது' என்ற கட்டம் இப்போதுதான் வேலை செய்யும்.

யோபு 8:7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.' வாக்குத்தத்த அட்டையிலும் கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் காணப்படும் வசனம். பொறுமைத் தலைப்புக்குப் பொருத்தமாகவும் தோன்றும். கட்டத்தை நிரப்பப் போனால் பேசுகிறவர் பில்தாத். 'உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்தார்கள்' என்ற தொனியில் யோபைக் குத்திக்கொண்டிருக்கும்போது சொன்ன சொல் அது. 42:7-ல் யோபின் சிநேகிதர் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்கிறார். வசனத்தை எடுத்தெறியச் சொல்லவில்லை. ஆனால் 'பில்தாத் யோபுக்குச் சொன்னது' என்று நோட்டில் இருந்தால் அதை வாக்குத்தத்தமாக நீட்டுவதற்கு முன் கை கொஞ்சம் தயங்கும்.

எரேமியா 29:11-ம் அப்படித்தான். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய அந்த வரி பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. ஒரு வசனம் முன்னால், 29:10-ல், எழுபது வருடம் என்ற கணக்கு நிற்கிறது. அதையும் சேர்த்து எழுதினால் இது ஆறுதலைவிடப் பொறுமையைப் பற்றிய வசனமாகவே தெரியும்.

ஊர் அனுபவத்தை வசனத்துக்குள் ஏற்றும் பிழை ஒன்றும் உண்டு. யாக்கோபு 5:7-ன் முன்மாரி பின்மாரியை வாசித்ததும் நம் பக்கத்து விவசாயிக்கு இடவப்பாதியும் வடகிழக்குப் பருவத் துலாமழையும் நினைவுக்கு வரும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் போகமும் வரும். யாக்கோபு சொல்லும் நாட்டில் கோடை வறண்டது. முன்மாரி விதைப்புக் காலத்தில், ஏறக்குறைய அக்டோபர் நவம்பரில். பின்மாரி கதிர் முற்றும் மார்ச் ஏப்ரலில். இரண்டு மழைக்கும் சேர்த்து ஒரே விளைச்சல். அந்த விவசாயி ஒரு மழையைப் பார்த்துவிட்டு, இன்னும் அறுக்க முடியாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கிறான். இதை இடப்பக்கம் நீலத்தில் எழுதுங்கள், கன்னிப்பூ ஒப்பீட்டை வலப்பக்கம் சிவப்பில்.

இரண்டு வேதமும் அருகருகே

மூன்றாம் வாரத்தில் மலையாள வேதம் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வசன எண்ணை நீங்கள் சொல்ல, அவர் சொல்லை மட்டும் வாசித்தால் போதும்.

யாக்கோபு 1:3-ல் தமிழில் 'பொறுமை', மலையாளத்தில் 'ஸ்திரத'. ரோமர் 5:3-லும் யாக்கோபு 5:11-லும் தமிழில் 'பொறுமை', மலையாளத்தில் 'சகிஷ்ணுத'. கலாத்தியர் 5:22-க்கு வந்தால் தமிழில் 'நீடியபொறுமை', அங்கே 'தீர்க்கக்ஷம'. யாத்திராகமம் 34:6-ல் தமிழில் 'நீடிய சாந்தம்'. மலையாளத்திலோ மறுபடியும் அதே 'தீர்க்கக்ஷம'. தமிழை மட்டும் பார்த்திருந்தால் ஆவியின் கனியில் (கலா. 5:22) வரும் சொல்லும் சீனாய் மலையில் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்ன சொல்லும் உறவு என்று தெரிந்திருக்காது. மலையாளம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மூலத்திலும் அப்படித்தான். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். ஹுப்போமொனே என்பது பாரத்தின் கீழ் அசையாமல் நிற்பது. யாக்கோபு 1:3, ரோமர் 5:3, யோபின் பொறுமை எல்லாம் இது. மக்ரோத்துமியா என்பது கோபம் வர நாளெடுப்பது, மனிதரிடம் காட்டும் பொறுமை. கலாத்தியர் 5:22 இது. யாத்திராகமத்து எபிரெயத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மூக்கு நீண்டவர்' என்றே வருகிறது. எபிரெயருக்குக் கோபம் மூக்கில். நாம் 'மூக்குக்கு மேல் கோபம்' என்கிறோமே, அந்த ஊர்க்காரரே.

1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பும் (மேலே சொன்ன திருவிவிலியம்) இந்த இரண்டையும் பிரிக்கிறது: ரோமர் 5:3-ல் மன உறுதி, கலாத்தியர் 5:22-ல் பொறுமை. மூன்றாவது கட்டத்தில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் தலைப்பு தானாகவே இரண்டாகப் பிளக்கும்: கஷ்டத்தில் நிற்பது, மனிதரைப் பொறுப்பது.

எச்சரிக்கை இரண்டு. மலையாளத்தில் 'க்ஷம' பொறுமைக்கும் வரும், மன்னிப்புக்கும் வரும். பேரன் அந்தச் சொல்லைத் தேடினால் எபேசியர் 4:32, கொலோசெயர் 3:13 போன்ற மன்னிப்பு வசனங்கள் கலந்துவிடும். அவற்றை வலப்பக்கம் ஒதுக்கி வையுங்கள், பின்னால் 'மன்னிப்பு' தலைப்புக்கு உதவும். அடுத்தது தமிழுக்குள்ளேயே உள்ள பொறி. பழைய மொழிபெயர்ப்பின் 1 கொரிந்தியர் 13:13-ல் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஆக ஒன்றில் நம்பிக்கை என்பது மற்றதில் வேறு பொருள். எந்த மொழிபெயர்ப்பு என்று தலைப்பின் முதல் பக்கத்திலேயே எழுதாவிட்டால் வசனங்கள் தாறுமாறாகக் கலக்கும்.

சொல் இல்லாத கதைகள்

24 வசனத்தோடு இரண்டு பக்கம் ஆட்களுக்கு ஒதுக்குங்கள். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்படும்போது வயது 75 (ஆதி. 12:4), இஸ்மவேல் பிறக்கையில் 86 (16:16), ஈசாக்கு பிறக்கையில் 100 (21:5). வயதுகளை ஒரு கோட்டில் குறித்தால் 25 வருடக் காத்திருப்பும் நடுவில் பொறுக்காமல் எடுத்த குறுக்கு வழியும் கண்ணுக்குத் தெரியும். யோசேப்பு 17 வயதில் கனவு கண்டவன் (37:2), பார்வோன் முன் நின்றது 30-ல் (41:46). எதிர்ப்பக்கத்தில் சவுல்: ஏழு நாள் காத்திருந்தான், சாமுவேல் வந்துசேரும் முன்னே பலியைத் தானே செலுத்திவிட்டான் (1 சாமு. 13:8-14). இந்தக் கதைகளைச் சொல்லை மட்டும் தேடிப் பிடிக்க முடியாது. புத்தகம் புத்தகமாக வாசித்த பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

நான்காம் வாரம்: தொகுப்பு

கடைசி இரண்டு பக்கத்தில் பத்து வரிக்குள் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் குறைந்தது இரண்டு வசன எண் ஆதாரம் வேண்டும். ஒரே வசனத்தில் தொங்கும் வரியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒத்துவராத வசனங்களை மறைக்காதீர்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்ற கேள்வி சங்கீதம் 13:1-லும் ஆபகூக் 1:2-லும் வருகிறது. யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அவரையே யாக்கோபு 5:11 பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள். பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது என்று எழுதிய வரி இருந்தால், இந்தக் குறிகள் அதைத் திருத்தும்.

தொகுத்த பிறகு ஏழு வசனம் தேர்ந்து வேதத்திலேயே சங்கிலி போடலாம். முதல் வசனத்தின் ஓரத்தில் இரண்டாவதன் எண், இரண்டாவதன் ஓரத்தில் மூன்றாவது, ஏழாவதன் ஓரத்தில் மறுபடியும் முதலாவது. ஃபிராங்க் சார்லஸ் தாம்சன் 1908-ல் வெளியிட்ட ஆங்கில வேதம் இந்தச் சங்கிலி முறைக்கே பெயர் பெற்றது. முதல் எண்ணை மட்டும் வேதத்தின் உள்ளட்டையில் 'பொறுமை' என்று எழுதி அதன் எதிரே குறித்தால், நோட்டு கையில் இல்லாத இடத்திலும் ஏழு வசனமும் கிடைக்கும்.

அட்டை முறை பேசுகிறவர்களுக்கு. மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் ஒரு வரி. வாலிபர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச நான்கு அட்டை போதும், ஐந்தாவது எடுத்தால் நேரம் போதாது. செல்போனில் தட்டச்சு செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நகலெடுத்து ஒட்டுவது அதில் மிகவும் எளிது, எளிது என்பதே அதன் கேடு. முடிந்த பக்கங்களைப் படம் பிடித்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

முடித்த தேதியைத் தொகுப்பின் கீழ் எழுதி, அட்டவணையில் தலைப்பையும் பக்க எண்ணையும் ஏற்றுங்கள். அடுத்த தலைப்பை வலப்பக்கத்திலிருந்து எடுங்கள். நான்கு வாரமும் சிவப்பில் எழுதிய கேள்விகளை எண்ணிப் பாருங்கள், எது இரண்டு மூன்று தடவை திரும்ப வந்திருக்கிறதோ அதுதான். பொறுமை படித்தவர்களுக்குப் பெரும்பாலும் அது யோபின் மூன்றாம் அதிகாரத்தை ஒட்டியிருக்கும்: புலம்பல். சொந்தக்காரச் சொற்களைத் தேடத் தொடங்குங்கள்: முறையிடுதல், கூப்பிடுதல், கண்ணீர், எதுவரைக்கும்.